கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம்

கோயில் ஓடுகளை இறக்கிய அன்றைக்குத்தான் எங்கள் சூசையப்பர் முகத்தில் வெயில் விழுந்ததைப் பார்த்தேன். அதுவரைக்கும் அவர் நிழலிலேயே நின்றவர். மண்சுவர், நாட்டு ஓடு, சாணி மெழுகின தரை. அந்த அரை இருட்டில் அவரைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அன்றைக்கு அவர் யாரோ வேற்றூர்க்காரர் மாதிரி இருந்தார். ஒரு கன்னத்தில் சாயம் உரிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டோம். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது போல ஒரு கூச்சம்.

எங்கள் பக்கத்துக் கோயில்களைப் பற்றி இப்போது யாராவது சொன்னால் ஓசூர்ப் பெரிய கோயிலின் கோபுரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். காலையில் தமிழ்ப் பூசை, அப்புறம் கன்னடம், சாயந்திரம் கம்பெனி ஆட்களுக்காக இங்கிலீஷ். மின்விசிறி, மைக்கு, பளிங்குத் தரை எல்லாம் இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஹார்டுவேர் கடை மாடிகளை வாடகைக்கு எடுத்து ஜெபவீடு நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனால் கைதட்டல் தெருவரைக்கும் கேட்கும். தேன்கனிக்கோட்டை ரோட்டில் புங்கமரத்தடியில், சின்னக் குகை மாதிரி கல்லால் கட்டின ஓர் அந்தோணியார் கெபி இருந்தது. யானை இறங்கும் பருவத்தில் ராகிக் கொல்லைக்காரர்கள், கவுண்டர் வீட்டார், ரெட்டி வீட்டார் என்று எல்லோரும் அங்கே உப்பும் மிளகும் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காவலுக்குப் போவார்கள். ரோடு அகலமானபோது மரமும் போயிற்று, கெபியும் போயிற்று. இப்போது கொஞ்சம் தள்ளி, கண்ணாடிப் பெட்டிக்குள் சீரியல் விளக்கோடு அந்தோணியார் நிற்கிறார். உப்பு போட இடமில்லை.

இவையெல்லாம் இருந்த இடத்தை நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன். எங்கள் சூசையப்பர் கோயிலைப் பற்றிச் சொல்ல வரும்போது மட்டும் எனக்கு அதன் வேலிதான் முதலில் கண்ணுக்கு வரும். கோயிலுக்குப் பின்னால் கல்லறை, கல்லறையைச் சுற்றித் திருகுகள்ளி வேலி. வேலிக்கு உள்ளே இருக்கிறவர்களுக்குச் சிலுவை உண்டு, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி உண்டு, சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு. தூக்கு மாட்டிக்கொண்டவர்களையும், ஞானஸ்நானம் வாங்காமல் கண்ணை மூடின பச்சைக் குழந்தைகளையும் அங்கே புதைப்பார்கள். அதற்கு அடையாளக் கல் கிடையாது. ஆடு மேயும்.

என் முதல் குழந்தை அங்கேதான் இருந்தது.

எனக்குப் பிரசவம் பார்த்தவர் சூலகித்தியம்மா. எங்கள் பக்கத்தில் கன்னடக்காரர்கள் மருத்துவச்சியை அப்படித்தான் சொல்வார்கள். நெற்றியில் பெரிய குங்குமம், முழங்கைவரை பச்சை குத்தின கை. மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பவர். சுற்று ஊர்களில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு, சூசையப்பர் கோயில் வீடு என்று வித்தியாசம் இல்லாமல் எல்லாக் குழந்தைகளும் அவர் கைக்குத்தான் வந்தன. எந்த வீட்டில் எந்தப் பாஷையோ அந்தப் பாஷையில் வைவார்.

அன்றைக்கு மழை. வலி கண்டு வெகுநேரம் ஆகியும் குழந்தை வரவில்லை. வந்தபோது அழவில்லை. அவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினார். ஒரே ஒரு தடவை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். "ஹெண்ணு மகு, பொண்ணு," என்றார். அப்புறம் அவர் முகம் மாறியது. எனக்குப் புரிந்துவிட்டது. "தண்ணி ஊத்துங்கக்கா, தலையில ஊத்துங்க, நான் சொல்றதச் சொல்லுங்க," என்று கெஞ்சினேன். உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கோயிலில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். எனக்குப் பாதி மயக்கம். நான் துண்டு துண்டாகச் சொல்ல, அவர் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே தனக்கு வந்த மாதிரி திருப்பிச் சொன்னார். "ஹெசரு? பேரு சொல்லு பேரு," என்று அதட்டினார். மரியா என்றேன். செம்பு காலியாவதற்குள் குழந்தை போய்விட்டது.

உபதேசியார் வந்தார். மாதத்துக்கு ஒரு தடவைதான் சாமியார் வருவார் என்பதால், மற்ற நாளெல்லாம் எங்களுக்கு ஜெபம் சொல்கிறவரும் கல்லறைக்கு இடம் சொல்கிறவரும் உபதேசியார்தான். நடந்ததைக் கேட்டார். குங்குமம் வைத்தவர் ஊற்றின தண்ணீர் செல்லாது என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தன் துண்டில் குழந்தையைச் சுற்றி, மழையில் அவரே எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் கூடப் போய்க் குழி வெட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம். பச்சை உடம்புக்காரி வெளியே வரக் கூடாது என்று என்னை விடவில்லை. அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது மழையில் மண் ஒரே மட்டமாகப் படிந்து, புல் முளைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் பக்கமாக உட்காருவேன். ஜன்னல் வழியே கள்ளிவேலி தெரியும். எல்லோரும் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும்போது, அந்த ஜெபம் வேலிவரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடும் என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. நான் நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. சூலகித்தியம்மா மட்டும் என்னை எங்கே பார்த்தாலும், சந்தையானாலும் கிணற்றடியானாலும், "நான் ஊத்துனது ஊத்துனதுதான், நீ அழாதே," என்பார். அழவில்லை என்றாலும் சொல்வார்.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. ராகிக் கொல்லைகளில் கல் நட்டார்கள். எங்கள் கோயில் இருந்த இடமும் அதில் போயிற்று. வேறு இடத்தில் நிலம் கொடுத்தார்கள், கோயிலும் கல்லறையும் அங்கே மாற வேண்டும் என்று ஆயிற்று. ஓட்டை இறக்கின மறுநாள், புதிதாக வந்திருந்த இளம் சாமியார் கல்லறைகளைத் திறக்கச் சொன்னார். அவரவர் வீட்டார் அவரவர் கல்லறைப் பக்கம் நின்றார்கள். எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பெரிய மரப்பெட்டியில் வைத்தார்கள். நான் ஓரமாக நின்றேன். எனக்கு நிற்க ஒரு கல்லறை இல்லை.

அப்போது சூலகித்தியம்மா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராகச் சாமியார் முன்னால் போய், "சாமி, இந்தப் பொண்ணோட மகு ஒண்ணு வெளிய கெடக்குது. அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார்.

உபதேசியார் குறுக்கே வந்தார். "அது ஞானஸ்நானம் இல்லாத கொழந்தைங்க சாமி. இந்தம்மாதான் தண்ணி ஊத்துச்சாம். கரகம் எடுக்கற கை. அது எப்படிச் செல்லும்?"

"ஓஹோ! இந்தக் கைதானே உன் பொண்டாட்டிகிட்ட இருந்து உன் புள்ளைங்கள எடுத்துச்சு. அது மட்டும் செல்லுச்சா? இல்ல, அதுங்களையும் திருப்பி உள்ள வெச்சுடலாமா?"

கல்லறை என்றும் பார்க்காமல் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சாமியாரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம், "என்ன நெனச்சும்மா ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

சூலகித்தியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. அதுக்கு அர்த்தமும் தெரியாது. இவங்க கோயில்ல இதுக்கு என்ன செய்வாங்களோ அது இந்தக் கொழந்தைக்கு ஆகட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

சாமியார் அந்தப் பச்சை குத்தின கைகளைப் பார்த்தார். "அந்த நெனப்பு போதும்மா," என்றார். "அது செல்லும். அன்னைக்கே செல்லுச்சு."

உபதேசியார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமும் என் குழந்தை உள்ளே இருந்திருக்க வேண்டியவள் என்பது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நான்தான் முதலில் வேலியைத் தாண்டி நடந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

அங்கே ஒன்றுமே இல்லை. கோயில் இடத்தில் கை வைக்கத் தயங்கின மிஷின்காரர்கள், புறம்போக்குத்தானே என்று அந்தப் பக்கத்தை முதலிலேயே தள்ளி முடித்திருந்தார்கள். புல் இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. சிவப்பு மண் ஒரே மட்டமாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஓரிடத்தைக் காட்டினார். சூலகித்தியம்மா வேறோர் இடத்தைக் காட்டினார். "அதோ அந்த பெட்டா, மலை, அதுல மூக்கு மாதிரி ஒரு பாறை நீட்டிக்கிட்டு இருக்குது பாரு, அதுக்கு நேரா. அன்னைக்கு மகுவ எடுத்துக்கிட்டுப் போகும்போது நானும் பின்னாலயே போயிட்டு தூர நின்னு பாத்தேன்," என்றார். சாமியார் எல்லா இடத்திலும் தீர்த்தம் தெளித்தார். நடுவில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, துணியில் முடிந்து, பெட்டிக்குள் மற்றவர்களோடு வைத்தார்.

அந்தப் பெட்டி புதுக் கல்லறையில் ஒரே குழியில் இருக்கிறது. மேலே பெரிய சிலுவை. கல்லறைத் திருநாளுக்கு நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆனால் அது வெறும் மண்ணுக்கு எரிகிற விளக்கு என்கிற எண்ணம் போகவே இல்லை. குழந்தை அங்கேயே இருக்கிறாள், அவள்மேல் கம்பெனி எழும்புகிறது. கம்பெனி ஓட ஆரம்பித்த பிறகு, மத்தியானம் வீட்டில் தரையில் படுத்தால் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் இடிக்கிறது முதுகில் தெரியும். தும் தும் என்று ஓயாமல். இதற்குள் அவள் எப்படித் தூங்குவாள் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அவளுக்குப் பிறகு பிறந்த மகனுக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. பிரஸ் ஷாப்பில். அக்கா ஒருத்தி தவறிவிட்டாள் என்று அவனுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. சூலகித்தியம்மா போய்ச் சேர்ந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, வீட்டு ஆட்களை உள்ளே விடுகிறார்கள் வா என்று என்னைக் கூட்டிப்போனான். எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எல்லாம் நின்றிருந்தன. அந்தக் கட்டடத்துக்குள் அவ்வளவு அமைதி. பெரிய இரும்புக் கதவு திறந்திருந்தது, வெளியே மலை தெரிந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மூக்குப் பாறை நேராக வருகிற இடத்தில் நின்றேன். அது என் மகனுடைய மிஷினுக்கு முன்னால், அவன் தினமும் நிற்கிற இடம்.

"என்னம்மா கீழயே பாத்துக்கிட்டு நிக்கற? தோடு கீடு விழுந்துடுச்சா?" என்று சிரித்தான்.

"உங்கக்கா இங்கதான்டா இருக்கா," என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தான், கதவு வழியே மலையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ஓரடி பின்னால் போய், குனிந்து, ஷூவைக் கழற்றினான். யாரோ பொரி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெறுங்காலோடு போய் வாங்கிவந்து, முதல் கை பொரியை அந்த சிமெண்டுத் தரையில் வைத்தான்.

அதற்குப் பிறகு ஷிப்டு முடிந்து வந்து கைகால் கழுவிவிட்டு என்னைத் தாண்டிப் போகும்போது, "அக்கா நல்லா இருக்குதும்மா," என்பான். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அந்த வருஷங்களில்தான் எனக்கு மத்தியானத் தூக்கம் வந்தது.

அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மகன் இப்போது அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிறான். கேட்டில் பூட்டுத் தொங்குகிறது, சுவர்மேல் கொடி ஏறிவிட்டது. முதுகில் இடிச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான் இப்போது என்னை எழுப்பிவிடுகிறது. அங்கே யாரும் இல்லாமல் அவள் தனியாக இருக்கிறாள்.

போன மாதம் ஓசூர் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெரிய கோயில் வரும்போது பஸ்ஸில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நான் அதற்கு முன்னாலேயே, பூட்டிக் கிடக்கிற அந்த கேட்டைத் தாண்டும்போது போட்டுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிச் சீருடைப் பெண் என் கையைத் தொட்டு, "பாட்டி, கோயில் இன்னும் வரல. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்குது," என்றாள்.

பஸ்ஸில் நான் யாரோடும் பேசினவள் இல்லை. அன்றைக்கு என்னவோ வாய் வந்துவிட்டது.

"எனக்கு வந்துடுச்சு கண்ணு," என்றேன்.