நெற்றி என்று நினைத்த இடம்

கண்மணி, சரவணா, போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். “செல்வம் சித்தப்பா வந்துட்டாரு, நீங்க ஏம்ப்பா வரல?” என்று கேட்டீர்கள். அதை நிதானமாக எழுதுகிறேன். இங்கே கிள்ளானில் நாங்கள் தினமும் ஒரு கைக்கு வழிவிட்டு நடக்கிறோம். நான் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையின் கோடியில், தரையில் மஞ்சள் கோடு போட்ட ஓர் இடம் இருக்கிறது. அதற்குள் ஓர் இரும்புக் கை நிற்கிறது. ரோபோ என்று படித்திருப்பீர்கள். படத்தில் வருவதுபோல அதற்குத் தலையும் காலும் கிடையாது. தோள், முழங்கை, மணிக்கட்டு, அவ்வளவுதான். அது திரும்பும்போது மேனேஜர்கூட நின்றுவிட்டுத்தான் போவார். எனக்கு இன்னும் பழகவில்லை.

அது செய்வது, நானும் செல்வமும் செய்துகொண்டிருந்த வேலை. ஓடும் பெல்ட்டில் வரும் அட்டைப்பெட்டியைத் தூக்கி மரப்பலகைமேல் அடுக்குவது. அது வந்து இறங்கிய அன்றே முனியாண்டி அண்ணன் சொல்லிவிட்டார். அவர் எங்கள் பிரிவுக்கு மூத்தவர், இங்கேயே பிறந்தவர், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவார். “டேய் மணி, இது நம்மள வீட்டுக்கு அனுப்பத்தான் வந்திருக்கு லா. எனக்கு என்னா, டாக்ஸி ஓட்டுவேன். நீயும் செல்வமும் பெர்மிட்டு ஆளு. ஏரோப்ளேன்தான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் எங்கள் வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. வேலை போனால் வேறு கதவைத் தட்ட முடியாது. உங்கள் பள்ளிக்கூடமும் பாதி எழும்பிய நம் வீட்டுச் சுவரும் அந்தப் பெர்மிட்டில்தான் நின்றன.

நான் முன்பு வேலை பார்த்த அறந்தாங்கி அரிசி ஆலையில் ஆயுத பூஜைக்கு நீங்கள் பொரி தின்ன வருவீர்களே, நினைவிருக்கிறதா? மோட்டாரை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாள் வரை அதை யாரும் ஓட்ட மாட்டார்கள். இங்கேயும் ஆயுத பூஜை உண்டு. ஆனால் பூஜை முடிந்ததும் மெஷின் ஓட வேண்டும். அன்று காலை முனியாண்டி அண்ணன் தட்டோடு வந்து எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார். கடைசியாக அந்தக் கையின் முன்னால் நின்றார்.

“புதுசா வந்த பிள்ளைய விட்டுட்டா கோவிச்சுக்கும் லா.”

“எங்கண்ணே வைப்பீங்க? மூஞ்சியே இல்லியே” என்றான் செல்வம்.

மணிக்கட்டுக்கு மேலே தட்டையாக ஓர் இடம், அதன் நடுவில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி. பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல இருந்தது. அண்ணன் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். நாங்கள் நெற்றி என்று நினைத்த இடம் அதன் கண்.

பொத்தானை அமுக்கியதும் கை கம்பீரமாக இறங்கி, பெட்டிக்குச் சற்று மேலே அப்படியே நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு சுழன்றது, சங்கு அலறியது. “பாத்தியா, பூஜை அன்னிக்கு வேலை செய்ய மாட்டேங்குது! நம்மாளுதான் லா!” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். மெஷினோடு ஜப்பானிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஓடிவந்தார். சந்தனத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “பாஸ், பிரேயர். மெஷின் பிரேயர்” என்றார் அண்ணன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மெதுவாக, “மெஷின்... டெட்?” என்று கேட்டார். “நோ, நோ! நியூ, பாஸ், நியூ!” என்று அண்ணன் பதறினார். அந்த இன்ஜினியர் ஊரில் உடைந்துபோன ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கும்பிடுவார்களாம். உழைத்து முடித்த பொருளுக்குத்தான் அங்கே அந்த மரியாதை. பிறகு சூப்பர்வைசர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்ஜினியர் திட்டவில்லை. கைக்குட்டையால் அந்தக் கேமராக் கண்ணைத் துடைத்தார். துணியில் மஞ்சளும் சிவப்பும் வந்தன. அடியில் வெள்ளையாக இன்னொன்றும் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார். மாவு. வந்த நாள் முதல் அந்தக் கை காரணமில்லாமல் அடிக்கடி நின்றுபோய்க்கொண்டிருந்தது. அவரும் அதன் மின்பெட்டியைத் திறந்து கம்பி கம்பியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் தொழிற்சாலையில் பறக்கிற மாவு கண்ணில் படிந்ததுதான் காரணம். “எவ்ரி டே. ஒன் மேன். கிளீன்” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். நான்தான் பக்கத்தில் நின்றேன். செல்வம் சிரித்தபடி தட்டை வைக்கப் போயிருந்தான்.

இவ்வளவுதான் பிள்ளைகளா. கண்ணைத் துடைக்கிற ஆள் என்று எனக்குப் பெர்மிட்டைப் புதுப்பித்தார்கள், செல்வத்துக்கு இல்லை. அவன் என்னைவிட வேகமாக அடுக்குவான், ஒரு பெட்டி நசுங்காது. நான் கெட்டிக்காரன் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மெஷின் உங்களைவிட அறிவாளியா என்றும் கேட்பீர்கள். பெட்டிக்குள் பிஸ்கட்டா கல்லா என்று அதற்குத் தெரியாது. தூக்கும்போது நானும் அதை நினைத்ததில்லை. அது களைக்காது, ஊருக்குப் பேச வேண்டும் என்று கேட்காது. நாளைக்குத் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்கிற கையும் வரலாம். அப்போது நானும் வந்துவிடுவேன். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சித்தப்பாவிடம் இதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

செல்வத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு அறைக்குத் திரும்பியபோது சாயங்காலம். எதிர்க்கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஜன்னலில் பூஜைச் சந்தனம் பொட்டலத்தோடு காய்ந்து கிடந்தது. ஊரில் என்றால் சைக்கிளுக்கும் கடப்பாறைக்கும் வைத்திருப்பேன். இங்கே எனக்கென்று என்ன இருக்கிறது என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து, வரும்போது கொண்டுவந்த பெட்டியை இழுத்துத் தூசி துடைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். பெட்டிக்குக் கண் எதுவும் இல்லை. எங்கே வைத்தாலும் சரிதான். பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, கைப்பிடி வெளியே தெரியும்படி மறுபடி உள்ளே தள்ளினேன்.