மேசை மேல் இருக்கும் டோக்கன்

அண்ணனின் டேப்லெட்டுக்கு இன்று காலையிலும் சார்ஜ் போட்டேன். தண்ணீர் புகாத அந்த உறையின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கிறது. திறந்தால் கடல் வரைபடம்தான் வரும். ஆழம், பாறை, மணல்திட்டு எல்லாம் காட்டுகிற படத்தில் கடலே இல்லாத எங்கள் தங்கச் சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸ் வெறும் மஞ்சள் நிலம்.

மைன்ஸ்காரர் மகன் கடலுக்குப் போனதை எல்லோரும் கேலி செய்தார்கள். மங்களூரில் ஒரு பணக்காரரின் உல்லாசப் படகை ஓட்டினான். டேப்லெட்தான் வழி காட்டும். அது இருக்கும் இடம் நீலப் புள்ளியாக என் போனிலும் தெரியும்படி செய்தான். கூடவே அப்பாவின் பித்தளை டோக்கனையும் கொடுத்தான். சுரங்கத்தின் ஷாப்டில் இறங்குகிறவர்கள் மேலே டோக்கனை வைத்துவிட்டுப் போவார்கள். ஏறி வந்ததும் தங்கள் கையாலேயே திரும்ப வாங்குவார்கள். வாங்காத டோக்கன் இருந்தால் தேடப் போவார்கள்.

"நான் தண்ணில இருக்கசொல்ல இது மேசை மேல இருக்கட்டும். வந்துட்டேன்னு நானே சொன்னாதான் செவுத்து ஆணில மாட்டணும், இன்னா? அஞ்சு மணிக்குள்ள சொல்லலைன்னா படகுத்துறைக்கு போன் போடு."

பெரிய கேப்டன் என்று சிரித்தேன். ஆனாலும் இரண்டு வருஷம் தவறாமல் செய்தேன்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்குப் புள்ளி துறையில் நின்றது. அவன் போன் வரவில்லை. சோம்பேறி, அப்புறம் பேசுவான் என்று டோக்கனை மாட்டிவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனேன். வெயிலில் சூடேறித் தகராறு செய்த டேப்லெட்டைத் துறையிலேயே வைத்துவிட்டு, இன்னொரு சுற்று கேட்ட விருந்தாளிகளோடு அவன் கிளம்பிவிட்டான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. இருட்டுகிற நேரத்தில் மீனவர்கள் விருந்தாளிகள் இருவரையும் காப்பாற்றினார்கள். அண்ணன் கிடைக்கவே இல்லை. ஐந்தரை வரைக்கும் அவனும் படகைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருந்தானாம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து ஒரு விருந்தாளி அதைச் சொன்னார்.

அம்மா கேட்டபோது, அஞ்சு மணிக்கே போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். "நீ இன்னாம்மா பண்ணுவ, நீதான் போன் போட்டியே," என்று இன்றைக்கும் என் தலையைத் தடவுகிறாள். அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏறியதும் என் போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி எங்கள் வீட்டின் மேல் நிற்கிறது. அண்ணன் வீட்டில் இருக்கிறான் என்கிறது போன். ஆணி காலியாக இருக்கிறது. டோக்கன் மேசை மேல்தான் இருக்கிறது. வந்துட்டேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.