தினைக்காட்டில் கேட்ட பாடம்

தினை முற்றத் தொடங்கினால் என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிவிடும். கல்வராயன் மலைக்கு அறிவியல் ஆசிரியையாக வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் சோம்பேறித்தனம். அவ்வளவுதான் என் கணக்கு. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒருத்தி தொடர்ந்து வராமல் போனதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எங்கடி அவ?" என்று அவளுடைய தோழியைப் பிடித்துக் கேட்டேன்.

"காவல்ல இருக்கா டீச்சர். கிளி ஓட்டிக்கினு இருக்கா."

காட்டின் நடுவே பரண் கட்டி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதன்மேல் நின்று கத்துவதுதான் காவல். கதிர் பால் பிடித்த நாளிலிருந்து அறுப்பு முடியும்வரை அதற்கு ஓர் ஆள் வேண்டும். தோழி வீட்டில் பகலுக்கு ஓர் அத்தை இருந்தாள். அதனால் தோழி பள்ளிக்கு வந்தாள், மாலையில் போய் அத்தைக்குப் பதிலாகக் காவல் நிற்பாள். இவள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பகலெல்லாம் மரவள்ளிக் காட்டில். இவளை விட்டால் ஆளில்லை.

அதோடு போனாலும் பரவாயில்லை. அறுப்பு முடிந்ததும் குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது பொதுத்தேர்வு முடிந்திருக்கும். அப்படிப் போன பிள்ளைகள் மறுபடி பள்ளிப் பக்கம் தலைகாட்டியதில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தைச் சொல்லி மிரட்டலாம் என்றால் அது பதினான்கு வயதோடு கைகழுவிவிடுகிறது. இவளுக்குப் பதினைந்து. அந்த அப்பாவை நேரில் பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று, ஒருநாள் பள்ளி விட்டதும் மேலே ஏறினேன்.

பாதி ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் சாய்ந்து நின்றபோது, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து ஒரு குரல் நீளமாக வந்தது.

"கணையம்ம்ம்! ரெண்டு வேல பாக்குதூஊஊ!"

அன்று காலை நான் நடத்திய பாடம். கத்தியது அந்தத் தோழி. என்னை முந்திக்கொண்டு ஓடிப்போய்ப் பரண் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி, கிளியை விரட்டும் அதே இழுப்பில், நான் சொன்னதெல்லாம் ஓடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நடுவே, "மண்டையில ஏறுதாஆஆ?" என்றும் கேட்டது. அதுவும் நான் கேட்பதுதான்.

இந்தப் பக்கத்துப் பரணிலிருந்து, "ஏறுதூஊஊ!" என்று இவளுடைய பதில் போனது. பின்னாலேயே ஒரு கேள்வியும் போனது. "இன்சுலின் கம்மியானா இன்னா ஆவும்ம்ம்?"

மிச்ச ஏற்றத்தை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

பரண் மேல் அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு எதிர்ச்சரிவைப் பார்த்து நின்றிருந்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். கீழே, மரவள்ளிக் காட்டிலிருந்து திரும்பியிருந்த அவள் அப்பா, ஒரு கையில் தகரடப்பா, இன்னொரு கையில் குச்சி. சத்தம் அடங்கியதுதான் தாமதம், கிளிக்கூட்டம் திபுதிபுவென்று தினையில் இறங்கியது. கதிர்கள் வளைந்தன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பதறிப்போய்க் கைதட்டக் கையைத் தூக்கினேன்.

"தட்டாதீங்க டீச்சர்" என்றார் மெதுவாக. "அவளுக்குக் கேக்காது."

"கதிரத் தின்னுதே அண்ணே!"

"தின்னட்டுங்க. காலையிலருந்து அவதான் கத்திக்கினு இருந்தா. இந்தக் கொஞ்ச நேரந்தான் அவ கேக்கறது."

அந்த வீட்டின் வருடச் சாப்பாடு அந்தக் காடு. அவர் ஓங்கிய குச்சி ஓங்கியபடியே இருந்தது. எதிர்ச்சரிவிலிருந்து பதில் துண்டு துண்டாக வந்தது. அவள் உதடுகள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டன. நான் பாடம் நடத்தும்போது எந்த வகுப்பும் இப்படி அமைதியாக இருந்ததில்லை. தட்டத் தூக்கிய கையை நான் மெல்லக் கீழே இறக்கினேன்.

"முடிஞ்சிதுப்பா" என்றாள் மேலேயிருந்து. அவர் டப்பாவை ஓங்கி அடித்தார். கிளிகள் எழும்பிப் போயின.

"மிளகுக்குப் போறப்ப இவளையும் கூட்டிட்டுப் போறீங்களாண்ணே?" என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

அவர் காலியான ஒரு கதிரை விரல்களுக்கு நடுவே உருட்டினார். "இந்த வருசம் தினை கம்மிதாங்க. நானும் இவ அம்மாவும் அங்க ஜாஸ்தி நாளு நிக்கணும். இவ பள்ளிக்கூட ஹாஸ்டல்ல இருக்கட்டும், நீங்க பாத்துக்கோங்க" என்றார். பிறகு, எனக்கே இது தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கிளிக்கு அத்தினியும் வுட்டுட்டு, இவளையும் இட்டுக்கினு போனா, அப்பறம் இன்னாத்துக்குங்க வுட்டேன்?"