காற்றில் பிடித்த ஸ்டீரிங்

வனஜாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் இருந்தது, கார் இருந்தது, ஓட்டிக்கொண்டு போவதற்குத் திருமழிசையில் ஓர் அக்கா வீடும் இருந்தது. இத்தனையும் இருந்தும் அவள் அந்த வீட்டுக்குப் பூந்தமல்லியில் பஸ் மாறித்தான் போய்க்கொண்டிருந்தாள். காரணம், அவளுக்கு ஒரு கணவரும் இருந்தார்.

இராமகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வனஜாவின் பாடு சுலபமாகப் போயிருக்கும். கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து ஆவடிக்கு வந்தவர். ராணுவத்துக்குக் கனரக வண்டிகள் செய்யும் இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தயாராகி வரும் வண்டியைச் சோதனைப் பாதையில் ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, 'பாஸ்' என்பார், அல்லது 'ரிஜெக்ட்' என்பார். அந்த இரண்டு சொற்களும் வேலை செய்யும் இடத்தின் வாசலோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, தினமும் சாயங்காலம் அவரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தன. தேங்காய்ச் சட்னி ரிஜெக்ட் ஆனது. பெட்ஷீட் மடித்த விதம் ரிஜெக்ட் ஆனது. மகள் லாவண்யாவுக்கு வந்த வரன்களை எல்லாம் வரிசையாக ரிஜெக்ட் செய்தார். கடைசியில் அவளே ஒருவனைப் பார்த்து முடிவுசெய்து, கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

லாவண்யா பள்ளிக்கூடத்தில் படித்தபோதே வனஜா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டதே இராமகிருஷ்ணன்தான். லைசென்ஸ் வந்ததும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு கொஞ்ச நாள் போகட்டும் என்றார். ரோடு சரியில்லை, பாலம் வேலை நடக்கிறது, மழைக்காலம் முடியட்டும், லாவண்யாவுக்குப் பரீட்சை என்று அந்தக் கொஞ்ச நாள் வளர்ந்துகொண்டே போனது. வீட்டு வாசலில் கார் உறை போர்த்தி நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவர் கழுவித் துடைத்து எங்காவது ஓட்டிப் போவார். வனஜா இடப்பக்க சீட்டில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும்.

மகள் போன பிறகு அவளுடைய அறையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி மிச்சம் இருந்தது. அதோடு ஒரு ஸ்டீரிங்கும் இருந்தது. ஸ்டீரிங் என்றால் மேஜையில் பொருத்துகிற சமாச்சாரம் இல்லை. அதற்கு வயர் கிடையாது, காலுக்குக் கீழே பெடல் கிடையாது. வெறும் பிளாஸ்டிக் வளையத்தை இரண்டு கையாலும் காற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் சாய்த்தால் டிவியில் ஓடும் கார் இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம். விரலுக்கு அடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் எடுக்கும். வனஜா அதற்குக் காற்று ஸ்டீரிங் என்று பெயர் வைத்தாள்.

தூசி தட்டும்போது தற்செயலாக எடுத்தவள், பிறகு கீழே வைக்கவில்லை. அவர் வேலைக்குப் போனதும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டினாள். குக்கர் விசில் வரும்வரை அடுப்படி வாசலில் நின்றபடி ஓட்டினாள். கடலோரப் பாதை, பனிமலை, பாலைவனம் என்று எங்கெங்கோ போனாள். எதிர்வீட்டுச் சுதா கதவைத் தட்டினால் கேட்காத அளவுக்குப் போனாள். உண்மையைச் சொன்னால் அந்த நேரங்களில் அவள் மனசுக்குள் ஓடியது பனிமலை இல்லை. பருத்திப்பட்டு, காடுவெட்டி, கரையான்சாவடி, நசரத்பேட்டை, திருமழிசை. அக்கா வீட்டு வாசலில் தானே காரைக் கொண்டுபோய் நிறுத்தி, தானே கதவைத் திறந்து இறங்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

விஷயம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் முன்னதாகவே வந்து பின்னால் நின்று பார்த்தவர், கோபிக்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்து, வாசலில் நிற்கும் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, சரி, ஒரு டிரையல் பார்த்துவிடலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையைக் கழற்றினார்கள். வனஜா வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது, நேர்த் தெருவில் நன்றாகத்தான் போனது. தெருமுனையில் திரும்ப வேண்டிய இடத்தில்தான் காற்று ஸ்டீரிங் தன் குணத்தைக் காட்டியது. உண்மையான ஸ்டீரிங்கைக் கை மாற்றிக் கை மாற்றி ஒரு முழுச் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அவளுடைய கை இத்தனை மாதமாகச் சாய்த்தே பழகியிருந்தது. லேசாகச் சாய்த்துவிட்டு, வண்டி தானாகத் திரும்பும் என்று அவள் காத்திருந்தாள். வண்டி அதன் பாட்டுக்கு நேரே போய்ச் சுதா வீட்டு நீல டிரம்மை முட்டியது. டிரம் உருண்டு, பிடித்து வைத்த குடிதண்ணீர் எல்லாம் தெருவில் ஓடியது. மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இராமகிருஷ்ணன் திட்டவே இல்லை. இறங்கிப் போய் டிரம்மை நிமிர்த்தி வைத்தார். அந்த விளையாட்டுச் சாமான் உன் கையைக் கெடுத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் வனஜாவால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியவில்லை. வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, முகத்தை யாரும் பார்க்காதபடி அழுதாள்.

அடுத்த மாதம் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. மகளைக் கேட்டு, மருமகனைக் கேட்டு, ஆராய்ச்சி செய்து வாங்கியிருந்தார். இது நிஜமான ஸ்டீரிங். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். கீழே கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்று பெடலும் உண்டு. உள்ளே மோட்டார் இருப்பதால் திருப்பினால் எதிர்த்து இழுக்கும், மேடு பள்ளத்தில் அதிரும். லாவண்யாவின் பழைய கம்ப்யூட்டரோடு அதை இணைத்து, மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். இதில் கையும் காலும் பழகட்டும், பிறகு கார் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை பிரியம். சுதா வந்து பார்த்துவிட்டு, பெண்டாட்டிக்கு இப்படி ஒரு பரிசு வாங்கித்தரும் புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று பெருமூச்சு விட்டாள்.

தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. அவர் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்காலியை அவளுடைய இடப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கம்ப்யூட்டர் திரையில் ரேஸ் கார்கள் சீறிப் பாய்ந்துகொண்டிருக்கும். அவர் இண்டிகேட்டர் போடச் சொல்வார். முந்தாதே, வழி விடு என்பார். இது ரேஸ் என்று வனஜா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ரேஸாக இருந்தால் என்ன, விதி விதிதான் என்றார். அவள் கடைசியாக வந்தால் பாஸ், யாரையாவது முந்தினால் ரிஜெக்ட்.

காற்று ஸ்டீரிங்கில் கனமே இல்லை, பொய்யான சாமான்தான். ஆனால் அதை எந்த மூலைக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், பிடித்த கையைத் தவிர வேறு யாருடைய பலமும் அதில் கிடையாது. இந்தப் புது ஸ்டீரிங் மேஜையோடு திருகி இறுக்கப்பட்டது. வனஜாவும் அதோடு சேர்த்து இறுக்கப்பட்டாள். எதிரே சுவர், பக்கத்தில் அவர், உள்ளங்கையில் எதிர்த்து இழுக்கும் மோட்டார். சில நாள் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் விடவில்லை. இதைத் தாண்டித்தான் திருமழிசை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். கை மாற்றிச் சுற்றுவது வந்தது. கிளட்சைப் பதமாக விடுவது வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும் அளவுக்குத் தேறினாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள், அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, பாஸ் என்றார். வரும் ஞாயிறு திருமழிசைக்கு நீதான் ஓட்டுகிறாய் என்றார். நடுவில் காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்தார். அந்த வாரம் வனஜாவின் கால் தரையில் இல்லை. அக்கா ஞானம்மாளுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, இருக்கிறதிலேயே நல்ல புடவையை எடுத்து வைத்தாள்.

ஞாயிறு காலையில் சாவி அவள் கைக்கு வந்தது, அவர் இடப்பக்க சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. தெருமுனையில் அழகாகத் திரும்பியது, சுதாவின் டிரம் பத்திரமாக நின்றது. குவார்ட்டர்ஸ் கேட்டை நெருங்கும்போது வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. பருத்திப்பட்டில் ஓர் ஆட்டோவைத் தாண்ட நினைத்தாள், மறுபடியும் அதே மாதிரி வண்டி பின்வாங்கியது. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று பயந்து ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்த்தாள்.

அவருடைய காலுக்குக் கீழே இரண்டு பெடல்கள் இருந்தன. டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் இருக்குமே, அதே கிளட்சும் பிரேக்கும். சர்வீஸுக்கு விட்டதாகச் சொன்னது இதைப் பொருத்தத்தான். அவர் கொஞ்சம் அசடு வழிந்தார். சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான், நீ பாட்டுக்கு ஓட்டு என்றார்.

அவள் ஓட்டினாள். நடு ரோட்டில் வேறு என்ன செய்வது? காடுவெட்டியில் அவர் கால் அழுத்தியது. கரையான்சாவடி சிக்னலில், விளக்கு மஞ்சளாக மாறும் முன்பே அழுத்தியது. நசரத்பேட்டையில் லாரி ஒன்று தூரத்தில் வந்ததற்கே அழுத்தியது. ஸ்டீரிங் அவள் கையில் இருந்தது, வண்டி அவர் காலில் இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கே நான்கு சக்கரம் மாட்டி ரோட்டில் விட்டுவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா என்று நெஞ்சு எரிந்தது.

திருமழிசையில் ஞானம்மாள் தெருவையே வாசலுக்குக் கூட்டி வைத்திருந்தாள். ஆரத்தித் தட்டோடு வந்து தங்கையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"இன்னாடி வனஜா, நீயே ஓட்டிகினு வந்துட்டியா? என் தங்கம்."

வனஜா வாய் திறக்கும் முன், இராமகிருஷ்ணன் பின்னாலிருந்து, எல்லாம் அவளேதான் என்றார். மனசாரத்தான் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர்கூடத் தெரிந்தது. வனஜாவுக்கு அந்த ஆரத்தியைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து, பேசாமல் குங்குமத்தை வாங்கிக்கொண்டாள். சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவள், வெகுநேரம் குழாயடியிலேயே நின்றாள்.

கிளம்பும்போது சாவியை அவரிடம் நீட்டினாள். களைப்பாக இருக்கிறது, நீங்களே ஓட்டுங்கள் என்றாள். அவருக்கு உள்ளூர நிம்மதிதான். வலப்பக்கம் ஏறி, சீட்டைத் தன் உயரத்துக்குச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்து, வண்டியைக் கிளப்பினார். வனஜா தன் பழைய இடத்தில், இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

எத்தனையோ கனரக வண்டிகளை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்த மனிதர், இந்த ஒன்றை யோசிக்கவில்லை. அந்தப் பெடல்கள் இப்போது யார் காலுக்குக் கீழே இருக்கின்றன என்பதை.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் அவர் ஒரு வேனைத் தாண்டப் பார்த்தார். வண்டி தயங்கிப் பின்வாங்கியது. அவர் கியரை மாற்றிப் பார்த்தார். நசரத்பேட்டையில் மறுபடியும் வேகம் விழுந்தது. டேஷ்போர்டையும் கண்ணாடியையும் பார்த்தார், இடப்பக்கம் கீழே மட்டும் பார்க்கவில்லை. கரையான்சாவடி சிக்னலில் பச்சை விளக்கு எரிய, ஆவடிப் பக்கம் திரும்பப் போனபோது, வண்டி குலுங்கி, இன்ஜின் அணைந்து, நட்டநடுவில் நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரனை வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். வனஜாவின் செருப்புக் கால் பிரேக்கின் மேல் அழுத்தமாக இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால எடு, வனஜா. பின்னாடி வண்டி நிக்குது."

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாங்க. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. கை ஸ்டீரிங்கின் மேல் சும்மா கிடந்தது. தன் கையில் ஸ்டீரிங் இருந்தும் வண்டி தன்னுடையதாக இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அந்த ஊரில், அந்த வெயிலில், அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவில் தெரிந்தது. வெகு மெதுவாகக் கேட்டார்.

"சரிம்மா, நீயே ஓட்டுறியா? இடம் மாறி உக்காரலாமா?"

குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் வனஜாவின் பேச்சு எவ்வளவோ மாறிப்போயிருந்தது. மனசு கொதித்தால் மட்டும், அக்கா பேசுகிற அந்தப் பிறந்த ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"ஓட்டறேன்," என்றாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ உங்க காலு எங்க இருக்கப்போவுது? அத்த மொதல்ல சொல்லுங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சிக்னல் மறுபடியும் சிவப்பானது.