டெல்மர் அடித்த ரிவெட்டுகள்

மார்லிஸ் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளக்காட்டை ஒட்டிய எங்கள் சின்ன விமானத் திடலில், இரண்டு பேர் உட்காரும் பாதி கட்டிய விமானம் ஒன்றை வாங்கினாள். விற்றவர் டெல்மர் கோசல். பன்றிப் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வருடக்கணக்காக இந்த விமானத்தைத் தட்டிக்கொண்டிருந்தவர். கண் மங்கியதால் விற்றார். விற்றாரே ஒழிய விடவில்லை. அவருடைய கொட்டகை அவள் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"பாக்கி கொஞ்சந்தான். இஞ்சினை ஏத்து, பெயிண்ட் அடி, பற" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வெளியே, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் பாசிமணி கோத்த மாதிரி அழகாக இருந்தன. மார்லிஸ் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்பக்கம் பார்த்தாள். சில ரிவெட்டுகள் சப்பளிந்து கிடந்தன, சில சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றாக ட்ரில் போட்டு எடுத்தாள். எடுக்கும்போது துளை பெரிதாகிவிடும். அதற்குப் பெரிய ரிவெட் வேண்டும். அதுவும் நிற்காவிட்டால் தகட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். அவள் கணவன் கென்ட் உள்ளே கையை நுழைத்து இரும்புக் கட்டியை முட்டுக்கொடுக்க, அவள் வெளியிலிருந்து புது ரிவெட்டை அடித்தாள்.

டெல்மர் காபிக் கோப்பையோடு தினமும் வருவார்.

"நல்லாத்தானே இருந்துச்சு, அதை ஏம்மா பிடுங்கற?"

"உள்ள பாத்தீங்களா?"

"உள்ள எவன் பாக்கப் போறான்?"

"அதுல உக்காந்து பறக்கப்போறது நான், டெல்மர்."

சனிக்கிழமை காலை திடலில் பேன்கேக் சாப்பிட எல்லோரும் கூடும்போது அவரே ஆரம்பிப்பார்: "என் ப்ளேன் எந்த மட்டுல இருக்கு?" மார்லிஸ் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாள்.

இரண்டாம் வருடம், இறக்கைக்கு முதுகெலும்பு மாதிரி ஓடும் நீளச் சட்டத்தைத் துடைத்தபோது பெயிண்ட் உரிந்தது. அடியில், ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி. பட்டியைச் சுரண்டினால், சட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு கோணல் துளை. வானத்தில் அங்கேதான் விரிசல் விடும். டெல்மரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ட்ரில் வழுக்கிடுச்சு" என்றார். "மறந்தே போயிட்டேன்."

"மறந்தவருதான் பட்டி வச்சு மூடினீங்களா?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்டே."

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் போனதும் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். அந்த இறக்கைக்கு ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்திருந்தாள். இப்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

"வித்துடலாமா?" என்றான் கென்ட்.

"எப்படி? நானும் பட்டி வச்சா?"

புதுச் சட்டம் வந்தது. இன்னொரு குளிர்காலம் போனது. கையுறை போட்டால் ரிவெட்டைப் பிடிக்க முடியாது, போடாவிட்டால் விரல் மரத்துவிடும். டெல்மரின் வேலையில் அவள் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று: வலது இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல். அது ஒன்றுதான் சுத்தமாகத் தெரிந்தது.

பரிசோதகர் அனுமதி கொடுத்தார். மே மாதம், காற்றில்லாத ஒரு காலையில் பறந்தாள். ஏறியதிலிருந்தே விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. இறங்கும்வரை விமானத்தைத் திருப்பும் கோலை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துப் பிடித்து முழங்கை வீங்கிப்போனது. காரணத்தைத் தேடி எங்கெங்கோ பிரித்துப் பார்த்தாள். கடைசியில் தெரிந்தது: அந்த வலது மடலின் விளிம்பு கூராக மடியாமல் உப்பிக் கிடந்தது. மரக்கட்டையை அணைகொடுத்து விளிம்பைப் பதமாக நசுக்கினாள், பறந்து பார்த்தாள், மறுபடி நசுக்கினாள். மூன்றாவது முறை தகடு கிழிந்தது.

டெல்மர் அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பறந்துச்சே."

"சாயுது. உங்க மடல்தான்."

"அது ஒண்ணையாவது ஒழுங்கா செஞ்சேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சுத் தொலைச்சேன்."

"என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டார்.

"முதல்ல நேராப் பறக்கட்டும்."

புது மடலுக்குத் தகடு வெட்டியிருக்கிறாள். பள்ளி திறந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை நடக்கிறது.