பிரண்டை காப்ஸ்யூலும் அஞ்சலையின் பத்தியமும்

ஆய்வு முடிந்து சீல் வைத்த கவரை டாக்டர் பிரித்தார். அஜீரணத்துக்குப் பிரண்டைப் பொடி கேட்குமா என்று பார்க்கும் ஆய்வு அது. பாதிப் பேருக்குப் பிரண்டை காப்ஸ்யூல், மீதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்தது. யாருக்கு எது என்று, கொண்டுபோய்க் கொடுத்த எனக்கே தெரியாது. கவரைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குணமாகியிருந்தது.

"ஃபீல்டுல என்னம்மா நடந்துச்சு? சாப்பாட்டுல எதுனா மாத்துனாங்களா?"

எனக்கு ஒரு புளிப் பானை நினைவுக்கு வந்தது.

விழுப்புரத்தில் தனி அறை எடுத்துத் தங்கி, பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்புவது என் வேலை. ஆய்வில் சேர்ந்திருந்த, பெருமுக்கல் கிராமத்தில் களையெடுத்துப் பிழைக்கும் அஞ்சலை, புளிப் பானையைத் துணியால் கட்டிப் பரண்மேல் ஏற்றியிருந்ததை இரண்டாம் வாரமே பார்த்தேன்.

"நாட்டு மருந்து துன்னுகினு புளி, காரம் துன்னலாமா சிஸ்டர்? பத்தியம் இருக்க வேணாவா?"

நாங்கள் யாரும் சொல்லாமலே எல்லா வீட்டிலும் இதே கதைதான். நானும் இந்தப் பக்கத்துக்காரி. மருந்து என்றால் பத்தியம் என்பது எனக்கு ஒரு மாற்றமாகவே தோன்றவில்லை. 'உணவு வழக்கம்போல்' என்ற கட்டத்தில் வாராவாரம் டிக் போட்டேன்.

எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். "முன்னாடியே எழுதியிருக்கணும்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அத்தனை மாத உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

விவரம் சொல்ல அஞ்சலையிடம் போனேன். "உங்களுக்குக் குடுத்தது வெறும் மாவுதாங்க" என்றதும் சிரித்துவிட்டார்.

"அப்போ பத்தியந்தான் கேட்டுக்கீது. நான் ஒண்டிக்கட்டை, யாருக்காவ வாயக் கட்டறது? நீங்க வாராவாரம் வந்து இன்னா துன்னன்னு கேட்டு எழுதிக்கினு போனீங்க. அதுக்காவத்தான் இருந்தேன். அடுத்த வாரம் வருவீங்கல்ல?"

வருவதாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பிறகு போகவேயில்லை. இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிவத்தைப் பிரிக்கும் முன் அடுப்படியைப் பாருங்கள். உங்களுக்குப் பழகிப்போனது எதுவோ, அதை முதலில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில் தனியாக இருக்கிறேன். எனக்கும் இப்போது நெஞ்செரிச்சல். காரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதிக்கொள்ள யாரும் வருவதில்லை. ஊறுகாய் பாட்டில் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது.