நர்ஸம்மாவின் சின்னக் கார்

பதுளை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த லத்தீப் காலமான பிறகு, அவருடைய கார் வீட்டு முற்றத்தில் ஐந்து மாதம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதை விற்கப்போகிறார்கள் என்ற செய்தியைக் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் வீரய்யாதான் கொண்டுவந்தான். 1980ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, தெமோதரைக்கு மேலே இருக்கும் கொய்யாமலைத் தோட்டத்து நர்ஸம்மா அதைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள்.

அவளுடைய பெயர் பாக்கியலெட்சுமி. தோட்டத்து மருத்துவிச்சி. கண்டியில் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகக் கொய்யாமலையில்தான் இருக்கிறாள். அந்தத் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும் இளசுகளில் பாதிப் பேரைக் கையில் ஏந்தி வெளியே எடுத்தவள் அவள். ஆனால் தொழிலாளர் லயத்தில் நடக்கும் கல்யாணத்தில் அவளுக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். யாரும் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். துரைமார் பங்களாப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலியும் கிடையாது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் கலைந்தது. இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது கூடப் பிறந்த அக்காவுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது, இவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அக்கா குடும்பத்தோடு துறையூர்ப் பக்கம் போய் ஒன்பது வருஷமாகிறது. முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. இப்போது பொங்கலுக்கு ஒன்று வந்தால் பெரிது.

இந்த மனுஷிக்குக் கார் வாங்கும் எண்ணம் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். உண்மைக் காரணம் கருப்பம்மா. போன வருஷம் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்தில் கருப்பம்மாவுக்குத் தலைப்பிரசவம். காலை எட்டு மணிக்கே பிள்ளை குறுக்கே கிடப்பது பாக்கியலெட்சுமியின் கைக்குத் தெரிந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தோட்டத்தில் இருந்த ஒரே லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பினார்கள், கொழுந்தை இறக்கிவிட்டு வருவதாக அங்கிருந்து பதில் வந்தது. ரோடு வளையும் முடக்கில், படங்குச் சாக்கின் மேல் கருப்பம்மாவைப் படுக்க வைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பகல் இரண்டு மணிவரை பாக்கியலெட்சுமி காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை.

கருப்பம்மா ஒரு வார்த்தை குறை சொன்னவளில்லை. ஒரே ஒருநாள் டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்து, "நேரத்துக்கு ஒரு வண்டி மட்டும் இருந்திருந்தா நர்ஸம்மா..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து போனாள். அதற்கப்புறம் வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அந்தக் குனிந்த தலையைப் பாக்கியலெட்சுமியால் தாங்க முடியவில்லை.

லத்தீப்பின் வீட்டில் அவருடைய மச்சான் புஹாரி கதவைத் திறந்தார். தார்ப்பாயை விலக்கினார். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, பிறகு லத்தீப் கையில் ஒரு வருஷம் இருந்த கார். கிரீம் நிறம். இடப்பக்கக் கதவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு நெளிவு. பின்னால் டிக்கி என்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கவில்லை; முழுக்கதவாக மேலே தூக்கித் திறந்தது. பின்சீட்டை மடக்கிவிட்டால் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம். பாக்கியலெட்சுமி அந்தக் கதவை மூன்று தடவை தூக்கிப் பார்த்தாள்.

"யாருக்கம்மா எடுக்கிறீங்க? வீட்டுக்காரருக்கா?" என்று புஹாரி கேட்டார்.

"எனக்குத்தாங்க."

"ட்ரைவர் இருக்கிறாரா?"

"இல்லீங்க. நானே ஓட்டப்போறேன்."

புஹாரி சிரித்தே விட்டார். உள்ளே திரைச்சீலை அசைந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு லத்தீப்பின் மனைவி லரீபா வாசலுக்கு வந்தாள். புருஷன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெயிலே படாத முகம்.

"மெய்யாவே நீங்களா ஓட்டப்போறீங்க?"

"இன்னும் தெரியாதும்மா. பழகணும்."

லரீபா காரைப் பார்த்தாள். "என்ட இவர் இதில என்னை மூணே மூணு தரம்தான் கூட்டிக்கொண்டு போனாரு. நாலாவது தரம் நுவரெலியா போவோம் என்டு சொன்னவரு." அப்புறம் தம்பி புஹாரியிடம் திரும்பி, "நாநாமார் ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க தானே. அவங்களுக்கு வேணாம். இவங்களுக்குக் குடு" என்றாள். விலை அங்கேயே முடிந்தது.

காரை வீரய்யாதான் தோட்டத்துக்கு ஓட்டிவந்தான். அவனுக்கும் பாக்கியலெட்சுமிக்கும் ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாழடைந்த பந்து விளையாடும் திட்டில் அவளுக்கு ஓட்டப் பழக்கினான். வேலியோரம் சனம் கூடி வேடிக்கை பார்த்தது. வண்டி தவளைபோல் துள்ளி அணையும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சத்தம் எழும்பும். ஹெட்கிளாக்கர் வீட்டு அம்மா, "வயசுக்கு ஏத்த ஆசையா இது?" என்று கேட்டதாகக் காதுக்கு வந்தது.

"அவசரப்படாதீங்கம்மா. தன்னால வரும். மூச்ச விடுங்க, மெதுவா, மெதுவா" என்று வீரய்யா சொல்வான். இருபத்திரண்டு வருஷமாகத் தான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த வார்த்தைகள் தன்னிடமே திரும்பி வருவதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்ல ஆளில்லை. வீரய்யாவிடம் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

முதல் தடவை லைசன்ஸ் பரீட்சையில் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னபோது பின்னால் உருண்டு தோற்றாள். இரண்டாவது தடவை தேறினாள். லைசன்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, இதை யாரிடம் காட்டுவது என்று யோசித்தாள். நினைவுக்கு வந்த ஒரே முகம் லரீபாவுடையது. நேரே அந்த வீட்டு முற்றத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தினாள்.

லரீபா ஓடிவந்தாள். "அல்லாவே, நீங்களே ஓட்டியா வந்தீங்க?"

"வாங்கம்மா, பஜாரை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

லரீபாவின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "தம்பி விரும்ப மாட்டான். ஊரில கதைப்பாங்க. ஏலாது." ஆனால் அவள் உள்ளே போகவில்லை. முன்கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "இஞ்சினை மட்டும் போடுங்க. சத்தத்தைக் கேக்கோணும்."

பாக்கியலெட்சுமி இஞ்சினைப் போட்டாள். கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. லரீபா கண்ணாடிக்கு வெளியே, தன் வீட்டுச் சுவரையே, ஏதோ மலையும் அருவியும் ஓடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் கழித்து லரீபா இறங்கி, இரண்டு வட்டிலப்பத் துண்டுகளை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த மாதம் பாக்கியலெட்சுமி போனபோது வீடு பூட்டியிருந்தது. லரீபா மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

கார் வந்தபிறகு அவளுடைய வேலை கூடியது. கீழ்க்கணக்கிலிருந்தும், ஆற்றுக்கு அந்தப்பக்கத்துச் சின்னத் தோட்டங்களிலிருந்தும்கூட ஆள் வந்தது. பின்சீட்டை மடக்கி, ரப்பர் விரிப்பும் கம்பளியும் போட்டு எப்போதும் தயாராக வைத்திருந்தாள். முடக்குக்கு முடக்கு ஹோன் அடித்து, பின்னால் முனகும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தபடி பதுளைவரை ஓட்டுவாள். வரும்போது மட்டும் தனி. பிள்ளைத்தாய்ச்சியோடு துணைக்கு வந்த தாயோ நாத்தனாரோ ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுவார்கள். போகும் வழியில் ஒருநாளும் நீளமாகத் தெரியாத ரோட்டு, திரும்பும்போது முடியவே முடியாது. ஹாலிஎலையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிப்பாள். வீட்டுக்கு வந்ததும் விரிப்பை எடுத்துக் கழுவிக் கொடியில் போடுவாள்.

1981 சித்திரை மாதம் கருப்பம்மாவுக்கு மறுபடி வலி கண்டது. இந்தத் தடவையும் பிள்ளை குறுக்கே கிடந்தது. அவளுடைய புருஷன் நல்லையா ஓடிவந்து சொன்ன பத்தாவது நிமிஷம் கார் மேல்கணக்கு லயத்து வாசலில் நின்றது. வழி முழுக்கக் கருப்பம்மா கம்பளியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தெமோதரைத் திருப்பத்தில் மட்டும், "நர்ஸம்மா, இருக்கீகளா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்டி. இந்தா, முன்னாலதான் இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பெண் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். பாக்கியலெட்சுமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கையைப் பிசைந்தபடி அழுதாள். நல்லையா பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பிள்ளைக்குப் பாக்கியம் என்று பேர் வைப்பார்கள் என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். நல்லையாவின் அம்மா பேர் சிவகாமி, அதையே வைத்தார்கள். அதுதானே முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கருப்பம்மா தலை குனிவதை விட்டுவிட்டாள். அந்தி நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து குவாட்டர்ஸ் வாசலில் உட்காருவாள். பிள்ளைக்குக் காரின் ஹோன் சத்தம் பிடிக்கும். தினமும் ஒரு தடவை அடித்துக் காட்ட வேண்டும்.

அந்த அந்திப் பொழுதுகள் ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. நல்லையாவின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் நாள் குறித்துக் கடிதாசி வந்தது. அவனுடைய அப்பன் காலத்தில் விண்ணப்பம் எழுதிப் போட்டது. போகத்தான் வேண்டும்.

புறப்படும் காலை, தகரப்பெட்டி, அம்மி, பாத்திர மூட்டை எல்லாவற்றையும் பின்கதவு வழியாகக் காரில் ஏற்றினார்கள். முன்சீட்டில் கருப்பம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். நல்லையாவும் மற்றச் சனமும் குறுக்குப் பாதையில் நடந்து தெமோதரை ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். ரயில் கோச்சி வர நேரமிருந்தது.

"நீங்களும் வந்துருங்களேன் நர்ஸம்மா. அங்கதான் ஒங்க அக்கா இருக்காகளே" என்றாள் கருப்பம்மா.

"எனக்கு இங்கதான்னு எழுதிட்டாங்களே."

"அப்ப ஒரு நாளைக்கு வண்டியில வந்து பாத்துட்டாவது போங்க. ஒங்களுக்கு என்ன, வண்டிதான் இருக்கே."

"நடுவுல கடல் கெடக்குடி."

கருப்பம்மா கடலை அதுவரை கண்டதில்லை. "ஆமால்ல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கருப்பம்மாவின் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. கோச்சி வந்தது. ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. பிள்ளை மட்டும் காரைப் பார்த்துக் கை நீட்டியது. பாக்கியலெட்சுமி ஓடிப்போய், கார் ஜன்னலுக்குள் கையை விட்டு ஒரு ஹோன் அடித்தாள். கோச்சியின் சத்தத்தில் அது பிள்ளைக்குக் கேட்டதோ இல்லையோ.

திரும்பி வரும்போது வண்டி ஏதோ வித்தியாசமாகக் கடகடத்தது. எதிரே வந்த பஸ்காரன் கையை ஆட்டிக் கத்தினான். அவள் ஒன்றும் புரியாமல் ஓட்டிக்கொண்டே போனாள். தோட்டத்து எல்லையில் வீரய்யா லொறியைக் குறுக்கே நிறுத்தி, "அம்மா, பின்கதவு தொறந்து கெடக்கு!" என்றான். ஸ்டேஷனில் சாமான் இறக்கியவர்கள் மூடவில்லை. அவளும் பார்க்கவில்லை. அவ்வளவு தூரமும் வண்டி வாயைப் பிளந்துகொண்டே வந்திருக்கிறது. விரிப்பையும் கம்பளியையும் காணோம்.

அந்த வருஷக் கடைசியில் தோட்டத்துக்கு ஒரு வேன் கிடைத்தது. நோயாளிகளுக்கென்றே, ட்ரைவரோடு. இத்தனை வருஷமாக அவள் எழுதி எழுதிக் கேட்டதுதான். அன்றைக்குச் சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, தன் வாசல் கதவை யாரும் தட்டுவதில்லை என்று. ஆள் நேரே ஆபீசுக்கு ஓடினார்கள், வேன் வந்தது, அவள் அதில் ஏறிப்போனாள். கார் தகரக் கொட்டகைக்குள் நின்றது. ஹெட்கிளாக்கர் வாங்கிக்கொள்ளக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை.

"சும்மா நிறுத்தாதீங்கம்மா, பெட்டரி எறங்கிரும். வாரத்துக்கு ஒரு தரம் எங்கயாவது ஓடிட்டு வாங்க" என்றான் வீரய்யா.

எங்கே ஓடுவது? முதல் ஞாயிறு பசறைச் சந்தைக்குப் போனாள். ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். அடுத்த ஞாயிறு பண்டாரவளை. மூன்றாவது ஞாயிறு, அப்புத்தளைப் பனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி, ஹல்துமுல்லைவரை போய்விட்டாள். ரோட்டோரத்தில் நிறுத்தினாள். கீழே தாழ்நாடு, நீலமும் பச்சையுமாக, கண்ணுக்கு எட்டாத தூரம்வரை விரிந்து கிடந்தது. கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பருப்பும் கருவாட்டுக் குழம்புமாகப் பிசைந்து உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நனைந்துபோன ஒரு சிங்களக் கிழவி, தலையில் பலாப்பழம். பெரகலைச் சந்திவரை ஏற்றிவிட முடியுமா என்று கேட்டாள். பாக்கியலெட்சுமி கையைக் கழுவிவிட்டு முன்கதவைத் திறந்துவிட்டாள். கிழவி பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, காருக்குள் சுற்றிப் பார்த்து, வேறு யாரும் இல்லையா, தனியாகவா வந்தாய் என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஆமாம்மா, தனியாத்தான்" என்று தமிழிலேயே சொன்னாள் பாக்கியலெட்சுமி. அது விளங்கியது போலக் கிழவி தலையாட்டினாள். மழை குறையும்வரை காத்திராமல், பாக்கியலெட்சுமி வைப்பரைப் போட்டு, மேட்டில் வண்டியை மெதுவாக எடுத்தாள்.